குவினெட் கவுண்டி: ஊர் மாறியது எப்போது, ஓட்டு மாறியது எப்போது?

#1 லில்பர்ன்வாசி

நான் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக்கு, இந்த குவினெட் கவுண்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வந்தது 1998-இல். அப்போது அட்லாண்டாவிலிருந்து ஐ-85 நெடுஞ்சாலையில் வடகிழக்காக வந்தால், ஜிம்மி கார்ட்டர் பூலவார்ட் பக்கத்தில் இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள் நிற்கும். ஒன்றில் குவினெட் அருமையான ஊர் என்றும், மற்றதில் வெற்றி இங்கேதான் குடியிருக்கிறது என்றும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். 2010-இல் அவற்றை இறக்கிவிட்டார்கள். அந்தத் தொட்டிகளைப் பார்த்து இந்த ஊரில் இறங்கியவர்களில் நானும் ஒருவன்.

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பேச்சு தேர்தல் பக்கம் போனது. ஒரு நண்பர் சொன்னார்: "நம்ம ஆளுங்க, கொரியாக்காரங்க, மெக்சிகோக்காரங்க எல்லாம் வந்தாங்க. வெள்ளைக்காரங்க குறைஞ்சாங்க. குவினெட் டெமாக்ரட் பக்கம் போயிடுச்சு. இதுல பேச என்ன இருக்கு?" பிள்ளைகள் வெளியே வந்துவிட்டதால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த இழை.

மக்கள்தொகையை முதலில் பார்ப்போம். 1970-இல் இந்தக் கவுண்டியில் 72,000 பேர். 1990-இல் 3,52,910. 2000-இல் 5,88,448. 2020-இல் 9,57,062. 1990-இல் பத்துப் பேரில் ஒன்பது பேர் வெள்ளையர். 2010-இல் அவர்கள் 44 சதவீதம். 2020 கணக்கெடுப்பில் வெள்ளையர் 32, கறுப்பினத்தவர் 27, ஹிஸ்பானியர் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) 23, ஆசியர் 13 சதவீதம். முப்பது வருடத்தில் இப்படி மாறிய புறநகர்கள் அமெரிக்காவிலேயே குறைவு.

இப்போது ஓட்டு. 1976-இல் ஜிம்மி கார்ட்டர் இங்கே ஜெயித்தார். சொந்த மாநிலத்துக்காரர். அதற்குப் பிறகு நாற்பது வருடம் ஜனாதிபதித் தேர்தலில் எந்த டெமாக்ரட்டும் இங்கே ஜெயிக்கவில்லை. 1984-இல் ரேகனுக்கு ஏறக்குறைய 80 சதவீதம். 2004-இல் புஷ்ஷுக்கு 66. 2008-இல் மெக்கெயினுக்கு 55, 2012-இல் ராம்னிக்கு 54. 2016-இல் டெமாக்ரட் ஹிலாரி கிளின்டன் சுமார் ஆறு சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020-இல் பைடன் 58, டிரம்ப் 40.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2010-லேயே வெள்ளையர் பாதிக்குக் கீழே போய்விட்டார்கள். ஆனாலும் 2012-இல் ராம்னி ஒன்பது புள்ளியில் ஜெயிக்கிறார். 2016 முடிவில் கவுண்டி கமிஷனில் இருந்த ஐந்து பேரும் ரிபப்ளிகன், ஐந்து பேரும் வெள்ளையர். ஒரு கவுண்டியில் பெரும்பான்மையே மாறிவிட்டது. ஆனால் அதை ஆளும் மேசையில் ஒரு நாற்காலிகூட மாறவில்லை.

அதனால் "ஆள் மாறினால் ஓட்டு மாறும்" என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதி, நடுவில் போன அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இருக்கிறது. அந்த வருடங்களில் என்ன நடந்தது என்று இங்கே இருப்பவர்கள் அவரவர் பார்த்ததைச் சொல்லுங்கள்.

#2 கம்மிங்_காவிரி

அண்ணா, நல்ல இழை. நான் பக்கத்துக் கவுண்டி, ஃபோர்சைத். நான் ரிபப்ளிகன் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பலருக்கு அது பிடிக்காது என்று தெரியும்.

உங்கள் நண்பர் சொன்னது தப்பு என்பதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2000-இல் ஃபோர்சைத்தில் ஆசியர் ஒரு சதவீதம்கூட இல்லை. 2020-இல் 18 சதவீதம். குவினெட்டைவிட அதிகம். அதிலும் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். தோசை மாவு வாங்க ஒரு மணி நேரம் ஓட்டிய காலம் போய், இப்போது ஐந்து நிமிடத்தில் கடை. ஆனால் 2020-இல் டிரம்புக்கு இங்கே 66 சதவீதம் விழுந்தது.

இந்தக் கவுண்டியின் வரலாறும் தெரிந்துதான் வந்தேன். 1912-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்களை அடித்து விரட்டிய ஊர் இது. 1987-இல் கறுப்பின உரிமைப் போராளி ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் ஊர்வலம் வந்தவர்கள் மேல் கல்லெறிந்தார்கள். அடுத்த வாரமே இருபதாயிரம் பேர் திரும்பி வந்து நடந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் இன்று என் மகன் வகுப்பில் பாதிக்குப் பாதி நம் பிள்ளைகள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் குறைவதே இல்லை.

நம் ஆட்கள் வந்ததும் ஓட்டு தானாக மாறிவிடாது. வரி எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி, தெரு பாதுகாப்பா என்றுதான் நான் பார்க்கிறேன். என்னைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள்.

#3 லாரன்ஸ்வில்_அக்கா

தம்பி லில்பர்ன்வாசி, நீங்களும் கம்மிங் தம்பியும் ஆசியர், இந்தியர் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் எண்களிலேயே பெரிய எண் வேறு. கறுப்பின மக்கள் 1990-இல் இங்கே இருபதில் ஒருவர். இன்று நான்கில் ஒருவருக்கும் மேல். குவினெட் மாறியதற்கு முதுகெலும்பு அவர்கள். நம் ஆட்கள் எழுதும் எதிலும் இது வருவதில்லை. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நான் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். நாங்கள் 2003-இல் லாரன்ஸ்வில் பக்கம் வீடு வாங்கியபோது எங்கள் சப்டிவிஷனில், அதாவது குடியிருப்பு மனைத் தொகுப்பில், 41 வீடுகள். மூன்று கறுப்பினக் குடும்பங்கள், நாங்கள் ஒரு இந்தியக் குடும்பம், மற்றவர்கள் வெள்ளையர். அடுத்த பத்து வருடத்தில் டிகாப் கவுண்டியிலிருந்தும், சிகாகோ, நியூயார்க்கிலிருந்தும் கறுப்பினக் குடும்பங்கள் வந்தன. ஸ்னெல்வில், கிரேசன் பக்கமெல்லாம் அப்படித்தான். ஆசிரியர்கள், தபால் துறையில் ஓய்வு பெற்றவர்கள், ராணுவத்திலிருந்து வந்தவர்கள். நல்ல பள்ளிக்கூடமும் பின்கட்டில் கொஞ்சம் இடமும் தேடி வந்தவர்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நம்மைப் போல அவர்கள் விசாவில் வரவில்லை. பிறந்த நாளிலிருந்து குடிமக்கள். வீடு மாறிய வாரமே ஓட்டர் பதிவையும் மாற்றிக்கொள்வார்கள். எதிர்வீட்டு அம்மா ஒருவர், பெயர் வேண்டாம், எழுபது வயது. அலபாமாவில் அவருடைய அப்பாவுக்கு ஓட்டுரிமை மறுத்த காலத்தை நேரில் பார்த்தவர். 2008-இல் என் வீட்டுக் கதவைத் தட்டி, "நீ குடிமகளா? பதிவு செய்தாயா?" என்று கேட்டார். நான் குடியுரிமை வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பதிவு செய்ய வேண்டும் என்றே தோன்றவில்லை. அவர்தான் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் போட்ட முதல் ஓட்டு அந்த அம்மாவால்.

லில்பர்ன்வாசி கேட்ட நடு வருடங்களில் நான் பார்த்தது இதுதான்: தேவாலயங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் நடந்த வேலை. 2016-இல் கமிஷனும் பள்ளி வாரியமும் சிறுபான்மையினரை ஜெயிக்கவிடாத மாதிரி எல்லை வகுத்திருக்கின்றன என்று நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2017 ஜனவரியில் ஒரு கமிஷனர் ஜான் லூயிஸைப் பற்றி முகநூலில் கேவலமாக எழுதினார். கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக நடந்து செல்மா பாலத்தில் மண்டை உடைபட்ட மனிதரைப் பற்றி! அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கமிஷன் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று பேசினார்கள். நானும் ஒரு நாள் வேலை முடிந்து அப்படியே யூனிஃபார்மோடு போனேன். அதுவரை கமிஷன் கூட்டம் எந்தக் கட்டடத்தில் நடக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

2018-இல் டெமாக்ரட்டுகளான மார்லீன் ஃபாஸ்கியும் பென் கூவும் கமிஷனுக்கு ஜெயித்தார்கள். 2020-இல் நிக்கோல் லவ் ஹெண்ட்ரிக்சன் கமிஷன் தலைவரானார், இந்தக் கவுண்டியின் முதல் கறுப்பினத் தலைவர். ஷெரீஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர் எல்லாம் மாறியது அதே நாளில்தான். நான்கு வருடத்துக்குள் ஐந்துக்கு ஐந்து திரும்பிவிட்டது.

#4 டுலூத்_பேருந்து

அக்கா எழுதியதற்கு நன்றி. கொரிய நண்பர்களைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கிறேன். டுலூத்தில் பிளெசன்ட் ஹில் சாலையில் போனால் வங்கி, பல் மருத்துவர், தேவாலயம் எல்லாவற்றின் பலகையும் கொரிய மொழியில்தான். 2016-இல் கொரிய வம்சாவளி சாம் பார்க் மாநில சட்டமன்றத்துக்கு ஜெயித்தது அந்தப் பக்கத்திலிருந்துதான். அதே 2016 டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. மத்திய அரசின் வாக்குரிமைச் சட்டப்படி, ஆங்கிலம் சரியாக வராத ஒரே மொழிக்காரர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அந்த மொழியிலும் ஓட்டுச்சீட்டு கொடுக்க வேண்டும். ஜார்ஜியாவின் 159 கவுண்டிகளில் குவினெட் மட்டும் ஸ்பானிஷ் ஓட்டுச்சீட்டு கொடுக்க வேண்டியதாயிற்று. கணக்கில் எடுப்பது ஓட்டுப் போடும் வயதுள்ள குடிமக்களை மட்டும். அப்படியென்றால் ஸ்பானிஷ் பேசும் குடிமக்கள் இங்கே எவ்வளவு பெருகிவிட்டார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. என் பெயரைப் பார்த்தாலே தெரியும்: பேருந்து.

இந்தக் கவுண்டி எவ்வளவு மாறினாலும் ஒரு விஷயத்தில் அசையவே இல்லை. 1971-இல் அட்லாண்டாவின் மார்ட்டா ரயில் இங்கே வரலாமா என்று ஓட்டெடுப்பு. வேண்டாம் என்றார்கள். 1990-இல் மறுபடி. வேண்டாம். அந்த இரண்டுக்கும் பின்னால் நகரத்துக் கறுப்பின மக்கள் இங்கே வந்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தது ஊரறிந்த விஷயம். சரி, அது பழைய குவினெட் என்று விட்டுவிடலாம்.

2019 மார்ச்சில் மறுபடியும் கேட்டார்கள். 54 சதவீதம் வேண்டாம். கூட்டம் வராத மாதத்தில் வைத்தார்கள், அதனால்தான் தோற்றது என்றோம். 2020 நவம்பரில், நான்கு லட்சம் பேர் ஓட்டுப் போட்ட அன்று, மறுபடியும் வைத்தார்கள். பைடன் இந்தக் கவுண்டியில் 75,000 ஓட்டு அதிகம் வாங்கிய அதே சீட்டில் போக்குவரத்துத் திட்டம் சுமார் ஆயிரம் ஓட்டில் தோற்றது. ஆயிரம்! 2024 நவம்பரில் ஒரு சென்ட் விற்பனை வரியை முப்பது வருடத்துக்குக் கேட்டார்கள். திரும்பவும் தோல்வி.

நான் காரில்லாமல் ஆறு வருடம் இங்கே இருந்தவன். டோராவில்லில் ரயிலிலிருந்து இறங்கி, பஸ்ஸுக்கு நின்று, வீடு வந்து சேர ஒன்றே முக்கால் மணி நேரம். காரில் இருபத்தைந்து நிமிடம். என்னோடு நின்றவர்கள் ஹோட்டல் துப்புரவுப் பெண்கள், கிடங்கில் இரவு வேலை முடித்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கார் இருக்கிறது. கவுண்டி நீலம் (டெமாக்ரட் நிறம்) ஆகிவிட்டது என்று மேப்பைக் காட்டும்போது எனக்கு அந்த நிறுத்தம்தான் ஞாபகம் வருகிறது. அங்கே வெயிலுக்கு ஒரு கூரைகூட இல்லை.

#5 கம்மிங்_காவிரி

பேருந்து அண்ணா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். கட்சிக்குப் போடும் ஓட்டு வேறு, பர்ஸைத் தொடும்போது போடும் ஓட்டு வேறு. டெமாக்ரட்டுக்குப் போட்ட ஆயிரக்கணக்கான பேர் அதே சீட்டில் வரி வேண்டாம் என்று குறித்திருக்கிறார்கள். அவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள்.

இன்னொரு கேள்வி, சண்டைக்காக இல்லை. 2016-இல் ஐந்து பேரும் ஒரே கட்சி, அது நியாயமில்லை என்றீர்கள். 2021-இல் ஐந்து பேரும் மறுபக்கக் கட்சி. குவினெட்டில் ஐந்தில் இரண்டு பேர் இன்னும் ரிபப்ளிகனுக்குத்தான் போடுகிறார்கள். அவர்கள் குரல் அன்று அந்த மேசையில் எங்கே இருந்தது?

#6 லில்பர்ன்வாசி

நியாயமான கேள்வி. தலைவரைக் கவுண்டி முழுக்கச் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறது. மற்ற நான்கு பேரும் நான்கு வட்டங்களிலிருந்து. நான்கே வட்டம் என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்துக்கும் மேல் மக்கள். அவ்வளவு பெரிய வட்டத்தில் 55 சதவீதம் ஒரு பக்கம் சாய்ந்தாலே எல்லா நாற்காலியும் அந்தப் பக்கம் போய்விடும். இருபது வருடம் ரிபப்ளிகனுக்கு லாபமாக இருந்த அதே ஏற்பாடு 2021-இல் மறுபக்கம் திரும்பியது. வட்டங்களின் எண்ணிக்கை கூடினால் இரண்டு பக்கமும் குரல் கிடைக்கும் என்பது என் எண்ணம். யார் ஆட்சியில் இருந்தாலும் நான் இதையே சொல்வேன்.

எல்லையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஏழாவது காங்கிரஸ் தொகுதியையும் சொல்லிவிடுகிறேன். குவினெட்டின் பெரும்பகுதியும் ஃபோர்சைத்தும் சேர்ந்தது அந்தத் தொகுதி. 2018-இல் ரிபப்ளிகன் ராப் உட்டால் அங்கே கரோலின் போர்டோவைவிட நானூற்றுச் சொச்சம் ஓட்டுதான் அதிகம் வாங்கினார். பதிவானது ஏறக்குறைய 2,80,000. 2020-இல் போர்டோ ஜெயித்தார். அடுத்த வருடமே மாநில சட்டமன்றம் எல்லையை மாற்றி, ஃபோர்சைத்தை வெளியே எடுத்து, ஏழாவதை முழு டெமாக்ரட் தொகுதியாக்கியது. பக்கத்து ஆறாவது ரிபப்ளிகன் தொகுதியானது. ஆறாவதில் இருந்த லூசி மெக்பாத் இந்தப் பக்கம் வந்து, 2022 உட்கட்சித் தேர்தலில் போர்டோவைத் தோற்கடித்தார். 2023-இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு மறுபடி எல்லை மாற்றம். நான் வீடு மாறவே இல்லை, தொகுதி மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. மக்கள் மாற்றம் ஓட்டாகி, ஓட்டு பதவியாகும் இடத்தில் பென்சில் வைத்திருப்பவர் கை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் வெள்ளையர்கள். அவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள் என்பதும் தவறு. 1990-இல் சுமார் 3,15,000 வெள்ளையர் இருந்தார்கள். 2020-இல் 3,10,000. எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. சுற்றி ஆறு லட்சம் பேர் சேர்ந்ததால்தான் சதவீதம் இறங்கியது. ஆனால் அதே ஆட்களா என்றால், இல்லை. என் பழைய அலுவலகத்தில் இருந்த நான்கைந்து பேர் ஓய்வு பெற்றதும் ஹால், பேரோ, வால்ட்டன், ஜாக்சன் கவுண்டிகளுக்குப் போனார்கள். கூட்டம் பிடிக்கவில்லை, நிலம் வேண்டும், பேரப்பிள்ளைகள் அங்கே என்று ஆளுக்கொரு காரணம். அந்த நான்கு கவுண்டியிலும் 2020-இல் ரிபப்ளிகனுக்கு 70 சதவீதத்துக்கு மேல். இங்கேயே தங்கியவர்களில், பீச்ட்ரீ கார்னர்ஸ் போன்ற இடங்களில், தலைமுறையாக ரிபப்ளிகனுக்குப் போட்ட படித்த குடும்பங்கள் 2016-க்குப் பிறகு மாறின. என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி மாறியவர். புஷ்ஷுக்கு இரண்டு தடவையும், ராம்னிக்கும் போட்டவர். அவரை யாரும் இடம்பெயர்த்துக் கொண்டுவரவில்லை. அவர் முப்பது வருடமாக அதே வீட்டில்தான் இருக்கிறார்.

இன்னொரு சிறிய விஷயம், பலருக்குத் தெரியாது. ஜார்ஜியாவில் பதிவு செய்யும்போது எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார்கள். ஆனால் என்ன இனம் என்று கேட்பார்கள். 2016 செப்டம்பரிலிருந்து ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே பதிவும் தானாக நடக்கிறது, வேண்டாம் என்று சொன்னால் தவிர. பதிவு செய்ய மறந்துபோன அக்கா மாதிரியானவர்களைப் பட்டியலுக்குள் கொண்டுவந்ததில் இதற்கும் பெரிய பங்கு.

#7 சுவானி_2011

எல்லாரும் ஓட்டுப் போட்ட கதை சொல்கிறீர்கள். ஓட்டே இல்லாதவன் கதையை நான் சொல்கிறேன்.

எச்1பி என்ற வேலை விசாவில் அமெரிக்கா வந்து, 2011-இல் சுவானியில் குடியேறினேன். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். ஒரு நாட்டுக்கு ஏழு சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கும்வரை இந்தியாவில் பிறந்தவனுக்கு இந்த வரிசை நகராது. கார்டு கையில் வந்தாலும் அதற்குமேல் ஐந்து வருடம் கழித்துத்தான் குடியுரிமைக்கு விண்ணப்பம். சொத்து வரி கட்டுகிறேன். பிள்ளைகள் அரசுப் பள்ளியில். கணக்கெடுப்பில் என்னையும் எண்ணினார்கள். லில்பர்ன்வாசி அண்ணா எழுதிய 13 சதவீதத்தில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். ஓட்டர் பட்டியலில் நாங்கள் இல்லை.

நடுவில் போன அந்தப் பத்துப் பன்னிரண்டு வருடம் எங்கே போனது என்று கேட்டீர்கள். என் வீட்டில் இருக்கிறது அண்ணா. ஒவ்வொரு வருடமும் கோப்பில் ஒரு காகிதம் சேர்கிறது. என் சப்டிவிஷனில் மட்டும் இப்படி இருபது வீடு எண்ண முடியும். ஆசியர் இவ்வளவு சதவீதம், அதனால் இந்தக் கட்சிக்கு இவ்வளவு என்று டிவியில் கணக்குப் போடும்போது, எங்களை இல்லாத ஓட்டாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

ஓட்டு இல்லையென்றால் அரசியல் நம்மைத் தொடாது என்று நான் நினைத்திருந்தேன். 2009-இலிருந்து இங்கே ஷெரீஃபுக்கும் மத்திய குடியேற்றத் துறைக்கும் ஒரு ஒப்பந்தம் இருந்தது. சிறைக்குக் கொண்டுவரப்படுபவர்களின் குடியேற்ற நிலையைச் சோதித்து ஒப்படைப்பார்கள். உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிப் பிடிபட்டால்கூட நாடு கடத்தல் வரை போகும். எங்கள் வீட்டுக் கூரையைச் சரிசெய்தவர், மெக்சிகோக்காரர், அப்படிப் போனார். பாதி வேலையில் ஒரு நாள் வரவில்லை. அவர் தம்பி வந்து முடித்துக்கொடுத்தார். 2021 ஜனவரி முதல் நாள் புது ஷெரீஃப் கீபோ டெய்லர் அந்த ஒப்பந்தத்தை நிறுத்தினார். அந்த முடிவு ஓட்டுப் பெட்டியிலிருந்து வந்தது. 2024-இல் மாநிலச் சட்டம் ஒன்று எல்லா ஷெரீஃப்களும் மத்திய அரசோடு ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதுவும் ஓட்டுப் பெட்டியிலிருந்து வந்ததுதான். அந்தக் கூரைக்காரருக்கும் எனக்கும் இரண்டிலும் பங்கு இல்லை.

#8 ஒற்றைப்பெயர்

சுவானி நண்பரே, வரிசை முடிந்து குடியுரிமை வாங்கிய பிறகும் ஒரு வாசற்படி இருக்கிறது. இதைத் தமிழர்கள் எல்லாரும் படிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நம் பெயர் விவகாரம். எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தும் என் பெயரும்தான். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டியில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு மாதிரி. முதல் பெயர் தெரியவில்லை என்று FNU (First Name Unknown) என்ற மூன்றெழுத்தைப் போட்டுவிட்டார்கள். 2017-இல் ஜார்ஜியாவில் ஒரு சட்டம் வந்தது: பதிவுப் படிவத்தில் உள்ளது அரசு ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். 2018 தேர்தலுக்கு முன்பு சுமார் 53,000 பேரின் பதிவு நிலுவையில் நின்றது. பெரும்பாலானவர்கள் கறுப்பினத்தவர். குடியுரிமை வாங்கியவர்கள் சிலர், பழைய ஓட்டுநர் உரிமக் கோப்பில் வெளிநாட்டவர் என்று இருந்ததால் மாட்டினார்கள். நான் அதில் ஒருவன். அடையாள அட்டையோடு போனால் ஓட்டுப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது என்பது எனக்குத் தெரியாது. கடிதத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஏழாவது தொகுதியில் நானூறு ஓட்டில் முடிவான தேர்தல் அது. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அதே வருடம் குவினெட்டில் தபால் ஓட்டுகள் நிறைய நிராகரிக்கப்பட்டன. உறையில் பிறந்த வருடத்தைத் தவறாக எழுதியதற்காக நிராகரிக்கக் கூடாது என்று மத்திய நீதிபதி உத்தரவு போட வேண்டியிருந்தது. 2019-இல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனாலும் சொல்கிறேன்: உறுதிமொழி எடுத்த கையோடு சான்றிதழை எடுத்துக்கொண்டு போய் ஓட்டுநர் உரிமப் பதிவை மாற்றுங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள். மூன்று இடத்திலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

#9 கம்மிங்_காவிரி

ஒற்றைப்பெயர் அண்ணா, இதை நான் எங்கள் வாட்ஸாப் குழுவில் போடுகிறேன். கட்சி எதுவானாலும் இது எல்லாருக்கும் வேண்டியது. என் மனைவிக்கும் இனிஷியல் குழப்பம் இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். 2024-இல் குவினெட்டில் டெமாக்ரட் இடைவெளி கொஞ்சம் குறைந்ததே? கமலா ஹாரிஸின் அம்மா சென்னைப் பெண். துளசேந்திரபுரம் கோயிலில் பூஜையெல்லாம் நடந்தது. ஆனாலும் இங்கே பைடன் வாங்கிய அளவுக்கு வரவில்லை. ஜார்ஜியாவை டிரம்ப் ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டில் ஜெயித்தார்.

#10 லாரன்ஸ்வில்_அக்கா

உண்மைதான் தம்பி. 18 புள்ளியிலிருந்து ஒன்றிரண்டு குறைந்தது. அதே தேர்தலில் தெற்கே ஹென்றி, ராக்டேல் கவுண்டிகள் இன்னும் டெமாக்ரட் பக்கம் போயின. அங்கே வளர்வது கறுப்பின மக்கள்தொகை. இங்கே ஹிஸ்பானியரும் ஆசியரும் அதிகம். நான் வேலை செய்யும் இடத்தில் கொலம்பியா, வெனிசுவேலாக்காரர்கள் மளிகை விலையையும் வாடகையையும் சொல்லி டிரம்புக்குப் போட்டார்கள். நம் பெண்கள் சிலரும் அப்படித்தான். நான் வருத்தப்பட்டேன், ஆனால் அவர்கள் சொன்ன வாடகை பொய் இல்லை. 2020-இல் ஜெயித்ததும் இனி இந்தக் கவுண்டி எங்களுடையது என்று என் கட்சிக்காரர்கள் சிலர் கதவைத் தட்டுவதையே நிறுத்திவிட்டார்கள். 2024-இல் என் வீட்டுக்கு யாரும் வரவில்லை. எதிர்வீட்டு அம்மா இப்போது மகளோடு இருக்கப் போய்விட்டார். அவர் இடத்தில் கதவைத் தட்ட ஆள் வரவில்லை.

அவர் சொன்ன மாதிரி நானும் என் தெருவில் தட்டியிருக்க வேண்டும். அடுத்த முறை தட்டுவேன்.

#11 டுலூத்_பேருந்து

அக்கா, தட்டும்போது பேருந்து நிறுத்தக் கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் ஸ்னெல்வில் பக்கம் வரத் தயார்.

#12 சுவானி_2011

எழுதியதை அப்படியே விட்டுவிட்டுப் போக மனமில்லை, அதனால் இதையும் சொல்கிறேன்.

என் பெரிய மகள் நாங்கள் சுவானிக்கு வருவதற்கு முன்பே இந்த நாட்டில் பிறந்தவள். போன மாதம் அவளுக்குப் பதினேழரை வயது முடிந்தது. ஜார்ஜியாவில் பதினேழரையிலேயே பதிவு செய்யலாம், பதினெட்டு முடிந்த பிறகு ஓட்டு. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனபோதே பதிவாகிவிட்டது. நேற்று தபாலில் அவள் பெயருக்கு அட்டை வந்தது. எங்கள் வீட்டில் முதல் ஓட்டர் அவள்தான். அட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "அப்பா, கவுண்டி கமிஷன்னா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன், தண்ணீர், சாலை, பூங்கா, போலீஸ் என்று. பதினான்கு வருடமாக வரி கட்டுகிறவனுக்கு அதற்குமேல் தெரியவில்லை. அக்கா, அந்தக் கூட்டம் எந்தக் கட்டடத்தில், எந்தக் கிழமையில்? ஓட்டு இல்லாதவனும் உள்ளே வரலாமா?

#13 லாரன்ஸ்வில்_அக்கா

தாராளமாக வரலாம் தம்பி. வாசலில் யாரும் குடியுரிமை கேட்பதில்லை. லாரன்ஸ்வில் லாங்லி டிரைவில் கவுண்டிக் கட்டடம். அன்றைய தேதியைக் கவுண்டி வலைப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நான் முன்னாலேயே வந்து மூன்று இடம் பிடித்து வைக்கிறேன்.